இரவு ஷிப்டில் மெஷின் ஓட்டுகிறவரின் உடலில் என்ன நடக்கிறது?

இரவு ஷிப்டில் ஒரு ஆபரேட்டர் தவறு செய்துவிட்டால் விசாரணை அவரிடமிருந்துதான் தொடங்கும். "பகல்ல தூங்காம என்னப்பா பண்ணுனே?" என்று சூப்பர்வைசர் கேட்பார். ஒரு மெமோ கொடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். தவறு நடந்தபோது மணி என்ன, அந்த மணியில் அவர் செய்துகொண்டிருந்த வேலை எப்படிப்பட்டது என்ற கேள்வி பெரும்பாலும் அந்தத் தாளில் வராது. அதைக் கேட்டால்தான் விஷயம் பிடிபடும். ஒரே மாதிரி நடப்பதை நின்றபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போதாவது வரும் ஒரு சின்ன மாற்றத்தைத் தவறாமல் பிடிக்க வேண்டும். ஆபரேட்டர் வேலையின் சாரம் இது. அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் மனித மூளைக்கு மிகவும் கஷ்டமான வேலையும் இதுவே.

ராத்திரியிலும் ஆலை ஓடுவதற்கு இரண்டு விதமான காரணங்கள் உண்டு. சில உலைகளை நிறுத்தவே முடியாது. இரும்பு உருக்கும் ஊதுலையோ கண்ணாடி உலையோ ஒரு முறை பற்றவைத்தால் ஆண்டுக்கணக்கில் எரியும். ஆறவிட்டால் உட்புறச் செங்கல் விரிசல் விட்டுப் பாழாகும். அங்கே இரவு வேலை தவிர்க்க முடியாதது. லேத், பிரஸ், மோல்டிங் மெஷின் எல்லாம் பெரும்பாலும் அப்படியல்ல. இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட்டுக் காலையில் ஓட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. ஆனால் மெஷின் சும்மா நின்றாலும் அதன் தவணையும் வட்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எட்டு மணி நேரம் ஓடுகிற மெஷினை இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டினால் ஒரு பீஸின் மேல் விழும் மெஷின் செலவு இறங்கிவிடும். இது இன்று நேற்றுப் போட்ட கணக்கும் அல்ல. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-இல் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பாலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் இரண்டு வைத்து இரவும் பகலும் ஓடியது. ஆக, பல ஆலைகளில் இரவு ஷிப்ட் என்பது ஒரு செலவுக் கணக்கின் முடிவு. அந்தக் கணக்கில் ஆபரேட்டரின் உடல் கொடுக்கும் செலவையும் சேர்க்கச் சொல்வது நியாயம்தான்.

அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது? மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னத் தொகுதி இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். இருட்டறையில் விட்டாலும் தன் போக்கில் ஓடும். மனிதர்களிடம் அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 10 நிமிடத்தை ஒட்டி வருகிறது. தினமும் கண்ணில் படும் பகல் வெளிச்சம் அதைத் திருத்தி 24 மணி நேரத்தோடு ஒட்ட வைக்கிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஈக்கும் மனிதனுக்கும் பொதுவாக இருக்கிற அளவுக்குப் பழமையான, ஆழமான ஏற்பாடு அது. ஒரு மெமோவைப் பார்த்து மாறிவிடாது.

இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில், இது இரவு என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு ஏறத் தொடங்கும். உடலின் உள் வெப்பம் மெல்ல இறங்கி, அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் நாளின் மிகக் குறைந்த அளவைத் தொடும். விழிப்பும் அதோடு சேர்ந்தே இறங்கும். இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்தின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிட்ட ஒருவர் அதிகாலை நான்கு மணிக்கு ஏற்கெனவே பதினாறு மணி நேரம் விழித்திருக்கிறார். கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும் நேரமும் தூக்க அழுத்தம் உச்சத்துக்குப் போகும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர் 1997-இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து, தூங்காமல் இருப்பவர்களையும் மது அருந்தியவர்களையும் ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் திறனுக்கு இறங்கியிருந்தது. பல நாடுகளில் அந்த அளவில் வண்டி ஓட்டினால் வழக்கு. மது குடித்தவரை எந்த ஆலையும் பிரஸ் முன்னால் நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரை மட்டும் யோசிக்காமல் நிறுத்துகிறோம்.

இரவுப் பணி செய்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆபரேட்டருக்கு என்ன தனிச் சிக்கல் என்று கேட்கலாம். ஓடியாடி வேலை செய்பவருக்கு உடல் அசைவே ஓரளவு விழிப்பைத் தரும். ஆபரேட்டருக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிறிது நேரத்துக்குப் பிறகு ஏன் இலக்குகளைத் தவறவிடுகிறார்கள் என்ற கேள்வி பிரிட்டனில் எழுந்தது. நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். படிப்படியாகத் தாவும் ஒரு முள்ளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்போதாவது அது இரட்டைத் தாவலாகத் தாவினால் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடத் தொடங்கிவிட்டது. தூக்கமின்மையை அளக்க வைத்த சோதனை அல்ல இது. பார்த்துக்கொண்டிருப்பது என்ற வேலையே அந்த மாதிரியானது.

இதை ஒரு சிஎன்சி லேத்துக்கு, அதாவது கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷினுக்கு, முன்னால் கொண்டுவந்து வைத்துப் பார்ப்போம். சைக்கிள் டைம் தொண்ணூறு வினாடி என்று வையுங்கள். கதவைத் திற, முடிந்த ஜாபை எடு, பீஸைப் பிடிக்கும் 'சக்'கை ஏர் அடித்துச் சுத்தம் செய், புதுப் பீஸை வைத்துப் பிடி, கதவை மூடு, ஸ்டார்ட். பிறகு ஒரு நிமிடத்துக்கும் மேலாகச் செய்ய ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூலண்ட் அடிக்கிறது, ஒரே சுருதியில் சத்தம் வருகிறது. மணிக்கு நாற்பது முறை இதேதான். அதற்கிடையில் இன்சர்ட் என்கிற வெட்டும் முனை தேய்ந்துகொண்டே வரும். வெளிவிட்டம் கடையும்போது முனை தேயத் தேய விட்டம் மைக்ரான் மைக்ரானாக (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடும். அதை மைக்ரோமீட்டரில் பிடித்து, ஆஃப்செட்டில், அதாவது டூலின் இடத்தைச் சரிசெய்ய மெஷினில் போடும் எண்ணில், திருத்த வேண்டும். மைனஸ் 0.02 போட வேண்டிய இடத்தில் விரல் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு மைனஸ் 0.2 போட்டால் போச்சு, அடுத்த பீஸ் ஸ்கிராப். குறைந்த விட்டத்தைத் திரும்பக் கூட்ட வழியில்லை. தசம இடம் இன்னும் தள்ளிப்போனால் டூல் போய்ச் சக்கில் மோதலாம். பகல் பதினொரு மணிக்கு இந்த எண்ணைப் போடுகிற அதே ஆபரேட்டர் திரையை இரண்டாம் முறை பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவார். அதிகாலை நான்கு மணிக்கு முதலில் காணாமல் போவது அந்த இரண்டாவது பார்வைதான்.

இரவில் வேலையும் பகலில் இருப்பதுபோல் இருக்காது. எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும், சுருங்கும். பிற்பகலில் சூடாக இருந்த ஷெட் அதிகாலைக்குள் பத்து டிகிரி குளிர்ந்தால், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீஸ் ஒன்றில் மட்டும் 12 மைக்ரான் வித்தியாசம் வரலாம். சாப்பாட்டு இடைவேளைக்கு நிறுத்திவிட்டு ஓட்டினால், ஸ்பிண்டில் என்கிற சுழலும் அச்சு பழைய சூட்டுக்கு வரும்வரை முதல் சில பீஸ்களின் அளவு நகரும். இறுக்கமான டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) உள்ள ஜாப் என்றால் அளந்து பார்ப்பதும் திருத்துவதும் அந்த நேரத்தில் கூடத்தான் செய்யும். ஆபரேட்டரின் விழிப்பு குறையும் நேரத்தில் ஜாப் அதிக விழிப்பைக் கேட்கிறது என்பதைத் திட்டமிடுபவர்கள் பலர் யோசிப்பதே இல்லை.

அடுத்தது ஆள் குறைவு. பகலில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், டூல் ரூம், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, செட்டர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். இரவில் அதில் பாதிப் பேர் இருந்தாலே பெரிய விஷயம். கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித் தடுப்பான லைட் கர்ட்டன் திடீரென்று ஃபால்ட் காட்டி மெஷின் நின்றுவிடுகிறது என்று வைப்போம். பகலில் ஒரு போன் போட்டால் ஆள் வருவார். இரவில் இரண்டே வழி: காலைவரை மெஷினை நிறுத்திவைத்து டார்கெட் போனதற்குப் பதில் சொல்வது, அல்லது சென்சாரை பைபாஸ் செய்து ஓட்டுவது. டார்கெட் குறைந்தால் கேள்வி வரும், பைபாஸ் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற சூழல் இருக்கும்வரை கை போகிற இடம் தெரிந்ததே. பிரஸ்ஸின் அச்சான டைக்குள் சிக்கிய பீஸைப் பவரை நிறுத்திப் பூட்டுப் போடாமலே கையை விட்டு எடுப்பதும், கன்வேயர் ஓடும்போதே அடைப்பை நீக்குவதும் இந்த வகைதான். மெத்தனம் என்று பெயர் வைப்பதற்கு முன், அந்த நேரத்தில் அவருக்கு உதவிக்கு யார் இருந்தார் என்று கேட்க வேண்டும்.

ஷிப்ட் விபத்துகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து சைமன் ஃபோக்கார்ட், ஃபிலிப் டக்கர் இருவரும் 2003-இல் வெளியிட்ட எண்கள் இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படுபவை. காலை ஷிப்டோடு ஒப்பிட்டால் விபத்து ஆபத்து மதிய ஷிப்டில் சுமார் 18 சதவீதமும், இரவு ஷிப்டில் சுமார் 30 சதவீதமும் அதிகம். அடுத்தடுத்த இரவுகளைப் பார்த்தால், முதல் இரவைவிட இரண்டாம் இரவில் 6 சதவீதம், மூன்றாம் இரவில் 17 சதவீதம், நான்காம் இரவில் 36 சதவீதம் ஆபத்து கூடுகிறது. இந்த இரண்டாவது வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "ரெண்டு மூணு நாள் ஆனா பழகிடும்" என்று சொல்லி அனுப்புகிறோமே, அதற்கு நேர் எதிராக இருக்கிறது. இன்னொன்றும் அவர்கள் சொல்கிறார்கள்: ஷிப்டின் முதல் சில மணி நேரத்திலும் விபத்து ஆபத்து குறைவில்லை. விழிப்பு அடிமட்டத்தில் இருப்பது அதிகாலையில் என்றாலும், வேலை வேகமாக நடப்பது ஷிப்டின் தொடக்கத்தில். அதனால் அதிகாலையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது.

இந்தப் பேச்சு வந்தாலே மூன்று மைல் தீவு அணுவுலை விபத்து 1979-இல் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியதையும், செர்னோபில் 1986-இல் இரவு 1.23-க்கு வெடித்ததையும் சிலர் உதாரணம் காட்டுவார்கள். தூக்கத்தின் தலையில் மட்டும் அவற்றைக் கட்டுவது சரியல்ல. ஒன்றில் மூடிக்கொள்ளாத வால்வும் குழப்பமான கட்டுப்பாட்டுப் பலகையும் இருந்தன; மற்றதில் உலையின் வடிவமைப்பே கோளாறு. ஒரு கோளாறு வரும்போது அதைப் புரிந்துகொள்ளத் தெளிவான மூளை வேண்டும், இரவில் அது கிடைப்பது கடினம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பகலில் தூங்கிக்கொண்டால் சரியாகிவிடாதா? தூங்கத்தான் முடிவதில்லை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து, வீடு போய்ப் படுக்க எட்டு ஆகிவிடும். அப்போது உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும், கடிகாரம் எழுந்திரு என்று சொல்லிக்கொண்டிருக்கும். எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஐந்தாறு மணி நேரத்தில் விழிப்பு தட்டிவிடும். பலருக்கு அதுவும் துண்டு துண்டாகத்தான். தெருச் சத்தம், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவது, போன், வெயில் எல்லாம் அதன் மேல். இப்படி ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் குறைந்துகொண்டே வந்தால் நான்காம் இரவில் ஆபத்து ஏன் கூடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, வருடக்கணக்கில் இரவு ஷிப்ட் மட்டுமே செய்பவர்களுக்காவது உடல் பழகிவிடுமா? ஃபோக்கார்ட் 2008-இல் இதையும் தொகுத்துப் பார்த்தார். மெலடோனின் சுழற்சியை அளந்து பார்த்ததில், நிரந்தர இரவுப் பணியாளர்களில் முழுமையாக மாறியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு பகலில் விழித்து இரவில் தூங்குவதும், ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் முகத்தில் அடிக்கிற காலை வெயிலும் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகின்றன. வட கடலின் எண்ணெய்த் தளங்களில் இரண்டு வாரம் தொடர்ந்து இரவு வேலை செய்பவர்களுக்கு உடல் ஓரளவு மாறுவது உண்மை. அங்கே வேலை முடிந்ததும் போகிற அறையும் அதே தளத்தில்தான். வெயிலும் இல்லை, வீடும் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு அந்தச் சூழலை உருவாக்க முடியாது, உருவாக்கச் சொல்லவும் கூடாது.

ஆகவே ஷிப்ட் அட்டவணையில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகம் என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம். அதனால் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழல்வது, இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுழல்வதைவிட உடலுக்கு ஏற்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பொட்டாஷ் எடுக்கும் ஆலை ஒன்றில் சார்லஸ் செய்ஸ்லர் குழு இதைச் சோதித்து 1982-இல் சயன்ஸ் இதழில் எழுதியது. வாரம் ஒரு முறை பின்னோக்கிச் சுழன்ற ஷிப்டை முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றியபோது தொழிலாளர்களின் திருப்தி கூடியது, ஆள் விலகுவது குறைந்தது, உற்பத்தியும் ஏறியது. இன்று பல நிபுணர்கள் சொல்வது அதற்கும் வேறான ஒரு வழி: ஒரேயடியாக இரண்டு அல்லது மூன்று இரவுகள் மட்டும் கொடுத்து, உடல் குழம்பத் தொடங்கும் முன் விடுமுறை விடுவது. ஏழு இரவு தொடர்ந்து வைப்பதுதான் இரண்டுக்கும் கெட்ட வழி என்பது என் கருத்து. உடல் மாறவும் நேரம் போதாது, சோர்வு சேராமல் இருக்கவும் முடியாது. இரு ஷிப்டுகளுக்கு இடையில் போதிய இடைவெளியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதி நாளொன்றுக்குத் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. அடுத்து பொறுப்பேற்க வேண்டிய ரிலீவர் வரவில்லை என்று அப்படியே அடுத்த ஷிப்டையும் பார்க்கச் சொல்வது, இரவு ஷிப்டில் செய்யக்கூடியவற்றிலேயே மோசமானது.

வேலையின் வரிசையை மாற்றுவதற்குச் செலவே இல்லை. டை மாற்றுவது, புது ஜாப் செட்டிங், முதல் பீஸ் ஆய்வு போன்றவற்றை நள்ளிரவுக்குள் முடித்துவிட்டால், அதிகாலையில் ஏற்கெனவே நிலைபெற்ற ஜாபை மட்டும் ஓட்டினால் போதும். இரண்டு மணிக்கு மேல் ஆஃப்செட் திருத்தம் ஏதாவது போட்டால் பக்கத்து மெஷின்காரர் ஒரு முறை திரையைப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். மெஷினை விட்டு மெஷின் மாறி நிற்பது, நடந்துபோய் கேஜ் எடுத்து வருவது, இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் ஒரே சுருதியை உடைக்கும். இரவில் ஆபரேட்டர்கள் பேசிக்கொண்டால் திட்டுகிற சூப்பர்வைசர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குட்டித் தூக்கம் பற்றி ஆலைகளில் பேசவே தயங்குகிறார்கள். இருபது நிமிடத் தூக்கம் விழிப்பை நன்றாக மீட்டுத் தரும் என்பது விமானத் துறையிலும் மருத்துவத் துறையிலும் சோதித்துப் பார்த்த விஷயம். நீண்டு ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் எழுந்தால்தான் சிறிது நேரம் மந்தம் இருக்கும். அதனால் எழுந்தவுடன் மெஷினில் கை வைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். இடைவேளையில், ஓரிடத்தில், அனுமதியோடு தூங்குவது, மெஷின் முன்னால் நின்றபடி கண்ணசருவதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. நின்றபடி வரும் அந்தச் சில வினாடித் தூக்கம் வந்ததே பலருக்குத் தெரியாது. காபி, டீயில் இருக்கும் கஃபீன் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஷிப்டின் முதல் பாதியில் குடித்தால் பயன். அதிகாலை ஐந்து மணிக்குக் குடித்தால் காலைத் தூக்கத்தை அது எடுத்துக்கொள்ளும். அப்புறம், வண்டி. ஷிப்ட் முடிந்து வீடு போகும் வழியில் நடப்பது ஆலை விபத்துக் கணக்கில் வராமல் போகலாம், ஆனால் ஆபத்து மிக அதிகம் உள்ள அரை மணி நேரம் அதுதான். கண் சொருகுகிறது என்றால் வண்டியை எடுக்காமல் ஆலையிலேயே கொஞ்சம் தூங்கிவிட்டுப் போக இடம் கொடுக்க வேண்டும்.

நீண்ட காலப் பாதிப்பு தனிக் கதை. இரவில் சாப்பிட்டால் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. வயிற்றுக் கோளாறு, சர்க்கரை நோய், இதய நோய் எல்லாம் ஷிப்ட் தொழிலாளர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-இல் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து, இரவு ஷிப்ட் வேலை என்று பெயரிட்டு அதே பிரிவில் வைத்தது. இரவு வேலை செய்பவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990-இல் நிறைவேற்றிய 171-ஆம் உடன்பாடு இரவு வேலைக்கென்றே எழுதப்பட்டது. நள்ளிரவு முதல் காலை ஐந்து வரையிலான நேரத்தை உள்ளடக்கி, தொடர்ந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யும் வேலையை அது இரவு வேலை என்கிறது. இரவுப் பணியில் சேரும் முன்பும், இருக்கும்போது குறிப்பிட்ட இடைவெளிகளிலும், தொழிலாளி கேட்டால் செலவில்லாமல் உடல் பரிசோதனை கிடைக்க வேண்டும். இரவு வேலைக்கு உடல் ஒத்துவரவில்லை என்று சான்று வந்தால், முடிந்தவரை அவர் செய்யக்கூடிய ஒத்த வேலைக்கு மாற்ற வேண்டும். இரவு ஷிப்ட் அட்டவணையைப் போடும் முன் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர், வலிப்பு உள்ளவர், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கக் கோளாறு உள்ளவர் இந்தப் பரிசோதனையைத் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இவற்றை மறைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நிற்பவர்கள் இருக்கிறார்கள். வேலையைப் பறிக்காமல் ஷிப்டை மட்டும் மாற்றித் தருவோம் என்று நிர்வாகம் முதலிலேயே எழுத்தில் கொடுத்தால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.